கண்ணில் தைத்த சில்லு: சப்பிரகமுவ உழைப்பாளரின் கண் காயங்கள் பற்றிய ஒரு விளக்கம்

தமிழிலக்கியம் கண்ணைப் பல கோணங்களில் நோக்கியுள்ளது. அகப்பாடல்கள் தலைவியின் கண்ணைப் பாடின; பெரியபுராணம் இறைவனுக்குத் தம் கண்ணை இடந்து அப்பிய திண்ணனாரைப் போற்றிற்று; அறநூல்கள் எண்ணையும் எழுத்தையும் கண்ணென்றன. இவற்றுள் எதுவும் உளியும் சம்மட்டியும் பிடித்தவனின் கண்ணன்று. கல்லுடைக்கையில் தெறித்த இரும்புச் சில்லொன்று கண்ணில் தைத்து, அதனால் பார்வையையும் கூலியையும் ஒருங்கே இழந்த மனிதனுக்கு நமது இலக்கிய மரபு பெரிதும் இடமளிக்கவில்லை. தமிழாய்வுச் சஞ்சிகையொன்றிலே கண் வைத்தியம் பற்றிய கட்டுரை எதற்கு என்று வினவுவோருக்கு இதுவே எமது முதல் விடை. இரண்டாவது விடையொன்றும் உண்டு. இக்காயத்தை இனங்காண்பதில் மொழிக்கு நேரடியான பங்குண்டு. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியிலே விளக்குவோம்.

1. இடமும் உழைப்பும்

பெல்மதுளையிலிருந்து காவத்தை, கொடகவெல வழியாகத் தெற்கே இறங்கும் ஏ 18 வீதி எம்பிலிப்பிட்டியவை அடைகிறது. இவ்வீதியில் ஒருவர் பயணஞ் செய்வாராயின், ஒரு சில மணித்தியாலங்களுள் வெவ்வேறு உற்பத்தி முறைகளை அருகருகே காணலாம். மேலே தேயிலைத் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் அவற்றின் லயங்களும் உள்ளன. அவற்றினிடையே மாணிக்கக் குழிகள். கீழே 1960களில் கட்டப்பட்ட உடவளவை நீர்த்தேக்கத்தின் நீரால் விளையும் வயல்கள். எம்பிலிப்பிட்டிய நகரையொட்டி நெல் ஆலைகளும், உழவு இயந்திரங்களைத் திருத்தும் கராஜ்களும், இரும்பு வேலைத் தலங்களும் காணப்படுகின்றன.

இவ்வுழைப்புகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தனக்கேயுரிய ஆபத்தைக் கொண்டுள்ளன. மண்வெட்டியும் அலவாங்கும் கல்லில் மோதும்போது உலோகச் சில்லு பறக்கிறது. கவ்வாத்து வெட்டுகையில் தேயிலைச் சுள்ளி தெறிக்கிறது. புல் வெட்டும் இயந்திரம் சிறு கல்லையும் கம்பித் துண்டையும் துப்பாக்கி ரவையின் வேகத்தோடு வீசுகிறது. கராஜிலே துருப்பிடித்த ஆணியைச் சுத்தியலால் அடிப்பவனும் கிரைண்டரில் இரும்பைத் தீட்டுபவனும் தீப்பொறியின் முன்னே முகத்தை வைத்திருக்கின்றனர். சூடடிக்கும் களத்தில் உமியும் நெல்லின் சுணையும் கண்ணிற் படுகின்றன.

2. விழுந்ததும் தைத்ததும்

கண்ணிற் புகும் அந்நியப் பொருள்களை வைத்தியர் இரு பெரும் பிரிவுகளாக வகுப்பர். விழியின் மேற்பரப்பில், அதாவது விழிவெண்படலத்திலோ இமையின் உட்புறத்திலோ, ஒட்டிக்கொள்வன முதல் வகை. விழியின் சுவரைத் துளைத்து உள்ளே சென்று தங்குவன இரண்டாம் வகை. இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு வெறும் அளவு வேறுபாடன்று. சிகிச்சையும் விளைவும் முற்றாக வேறுபடுகின்றன. முதல் வகைக்கு உகந்த செயல் இரண்டாம் வகைக்குத் தீங்காக முடிவதும் உண்டு.

முதல் வகையே பெரும்பான்மை. இதில் கண் உறுத்தும், சிவக்கும், நீர் வடியும். வெளிச்சத்தைத் தாங்க இயலாது. மேலிமையைப் புரட்டிப் பார்த்தால் பல வேளைகளில் தூசி அங்கேயே இருக்கும். விழிவெண்படலத்தில் பதிந்ததாயின், மரத்துப்போகச் செய்யும் துளிமருந்தை இட்டு, பிளவு விளக்கு எனப்படும் நுணுக்குக்காட்டியின் கீழ் ஊசி நுனியால் அதனை எடுப்பர். இரும்புத் தூளாயின் அது இருந்த இடத்தைச் சுற்றித் துருவளையம் ஒன்று எஞ்சும். அதனையும் அகற்ற வேண்டும். பின்னர் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு இடப்படும். 1884இல் கார்ல் கொல்லர் கொக்கெயினின் மரக்கச் செய்யும் ஆற்றலைக் கண்ணுக்குப் பயன்படுத்திக் காட்டிய பின்னரே இச்சிகிச்சை நோவின்றி நிகழலாயிற்று. ஆயின் மரத்துப்போகச் செய்யும் அத்துளிமருந்தை நோயாளி வீட்டுக்குக் கொண்டுசென்று இட்டுக்கொள்ளல் ஆகாது. நோவை மறைக்கும் அம்மருந்து புண் ஆறுவதையும் தடுத்துவிடும்.

இவ்வகைக் காயத்தையும் அற்பமாகக் கொள்ளுதல் தவறு. நெல்லுமியாலோ இலையாலோ ஏற்பட்ட கீறலிற் கிருமி தொற்றின், குறிப்பாகப் பூஞ்சணம் தொற்றின், விழிவெண்படலத்தில் புண் தோன்றி வெண்தழும்பாக முடியும். 1990களின் முற்பகுதியில் நேபாளத்தின் பக்தபூர் பிரதேசத்தில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வு இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. அங்கே கிராமச் சுகாதார ஊழியர்கள் விழிவெண்படலம் கீறப்பட்டோரைக் கண்டறிந்து, குளோரம்பெனிக்கோல் களிம்பை மூன்று நாள் இட்டனர். காயமுற்று 18 மணித்தியாலங்களுள் களிம்பைப் பெற்றோரில் எவருக்கும் புண் உண்டாகவில்லை. பிந்தி வந்தோரில் மட்டுமே புண் தோன்றியது. எளிய மருந்து, பயிற்சி பெற்ற கிராமத்தவர், காலந்தாழ்த்தாமை ஆகிய மூன்றும் சேர்ந்து பார்வையைக் காத்தன. தாய்ப்பால் விடுதலும் நாவால் தூசியை எடுத்தலும் நம்மவரிடை இன்றும் வழங்குகின்றன. இவை கிருமியைக் கண்ணினுட் சேர்க்கக்கூடியன. ஆயினும் இவற்றை அறியாமை என்று பழிப்பதோடு நின்றுவிடலாகாது. களிம்பு கைக்கெட்டாத இடத்திலேயே இவ்வழக்குகள் நிலைத்திருக்கின்றன.

இரண்டாம் வகையின் கொடுமை அதன் அமைதியிலேயே உள்ளது. உலோகத்தின் மேல் உலோகத்தை அடிக்கும்போது பறக்கும் சில்லு மிகச் சிறியது, கூரியது, அதிவேகமானது. அது விழியின் சுவரைத் துளைத்து உட்செல்ல, துளை தானே மூடிக்கொள்ளக்கூடும். நோவு சில நிமிடங்களில் தணியலாம். முதல் நாளில் பார்வையும் ஓரளவு தெளிவாகவே இருக்கலாம். ‘ஏதோ பட்டது, போய்விட்டது’ என்று தொழிலாளி மீண்டும் வேலைக்குத் திரும்புகிறான். சில்லு உள்ளே இருக்கிறது.

3. உள்ளே நிகழ்வது

உட்சென்ற பொருள் மூவகையிற் கேடு விளைக்கிறது.

முதலாவது பொறிமுறைக் கேடு. சில்லு தன் வழியில் வில்லையைத் துளைத்தால் அது வெண்மையாகிக் கண்புரை தோன்றும். விழித்திரையைத் தாக்கினால் கிழிவும், குருதிப் பெருக்கும், பின்னர் விழித்திரை பிரிதலும் நேரும்.

இரண்டாவது தொற்று. மண்ணிலிருந்தோ மரத்திலிருந்தோ வந்த பொருள் கிருமியையும் உடன் கொணர்கிறது. மண்ணில் வாழும் சில பக்றீரியாக்கள் ஓரிரு நாள்களுள் விழி முழுவதையும் அழித்துவிட வல்லன. காயத்தை மூடுவதற்கு 24 மணித்தியாலங்களுக்கு மேல் தாமதமாயின் தொற்றின் அபாயம் உயர்கிறது என்பது கண் வைத்தியர் பொதுவாக ஏற்றுக்கொண்ட உண்மை. தோட்டத்து மண்வெட்டிச் சில்லு நகரத்துத் தொழிற்சாலைச் சில்லைக் காட்டிலும் ஆபத்தானதாக அமைவது இதனாலேயே.

மூன்றாவது இரசாயனக் கேடு. இங்கே பொருளின் தன்மையே விளைவைத் தீர்மானிக்கிறது. கண்ணாடி, பிளாஸ்டிக், பெரும்பாலான கல் வகைகள் ஆகியன விழியினுள் வாளாவிருக்கக் கூடியன. இரும்பு அவ்வாறன்று. அது மெல்ல மெல்லக் கரைந்து விழித்திரையை நஞ்சூட்டுகிறது. மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழிந்தபின் கதிராளி பழுப்பு நிறம் பெறும். கண்மணி விரிந்து நிற்கும். இரவுப் பார்வை முதலிற் குன்றிப் பின் யாவும் மறையும். செம்பு இன்னுங் கொடியது. ஏறத்தாழத் தூய செம்பாயின் கிருமியின் துணையின்றியே சில மணித்தியாலங்களுள் கடும் அழற்சியை உண்டாக்கும். கலப்புலோகமாயின் வில்லையிலும் விழிவெண்படலத்தின் ஓரத்திலும் படியும்.

விழியினுள் வாளாவிருக்கும் பொருள் பற்றிய அறிவு எதிர்பாராத வழியில் மருத்துவத்தை வளர்த்தது. இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானிய விமானிகளின் கண்களில் விமானக் கவசத்தின் அக்ரிலிக் துண்டுகள் தைத்து அழற்சியின்றி இருந்ததை ஹரல்ட் ரிட்லி கவனித்தார். 1949இல் இலண்டனில் அதே வகைப் பொருளாலான செயற்கை வில்லையை அவர் முதன்முதலாகக் கண்ணினுட் பொருத்தினார். இன்று கண்புரைச் சிகிச்சையின்போது உலகெங்கும் பொருத்தப்படும் வில்லைகளின் தோற்றுவாய் இதுவே.

இவையன்றி அரிதாக நிகழும் கேடொன்றும் உண்டு. ஒரு கண் துளைக்கப்பட்டபின், சில வாரங்களோ மாதங்களோ கழிந்து, காயமுறாத மறுகண்ணும் அழற்சியுற்றுக் குருடாகலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் கண்ணையே பகையாகக் கொள்வதால் இது விளைகிறது. பிரான்சிலே குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாக 1809இற் பிறந்த லூயி பிரெய்ல், மூன்று வயதிலே தந்தையின் பட்டறையிற் குத்தூசி பட்டு ஒரு கண்ணை இழந்தார். பின்னர் மறுகண்ணையும் இழந்தார். கண்ணில்லாதார்க்கு எழுத்தளித்த அவரும் உழைப்புக் கருவியொன்றாற் காயமுற்றவரே.

4. காந்தமும் கத்தியும்

உடலிற் புகுந்த அந்நியப் பொருளைச் சல்லியம் என்று வடமொழி வைத்திய நூல்கள் வழங்கின. சல்லியத்தை எடுக்கும் வழிகளைத் தொகுத்துரைக்கும் சுசுருத சங்கிதை, இரும்பு அம்பு முனையைக் காந்தக்கல்லால் ஈர்த்தெடுத்தலையும் ஒரு வழியாகக் கூறுகிறது. ஐரோப்பாவிலே, 1624இல், கண்ணிற் பதிந்த உருக்குச் சில்லைக் காந்தத்தால் எடுத்த நிகழ்ச்சியைப் பபிரிசியஸ் ஹில்டானுஸ் என்னும் இரண வைத்தியர் பதிவு செய்துள்ளார். அவ்வழியைக் கூறியவர் தம் மனைவி மரி கொலினே என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இது கைத்தொழில் யுகத்திலே தனி நோக்காகவும் தனிக் கலையாகவும் வளர்ந்தமை தற்செயலன்று. இரும்பு உற்பத்தி பெருகிய 19ஆம் நூற்றாண்டிலேயே இரும்புச் சில்லும் கண் வைத்தியசாலைக்குப் பெருந்தொகையாக வந்து சேர்ந்தது. கப்பல் கட்டும் நகரான பெல்பாஸ்டில் மக்கியோன் 1874இல் காந்த முனையைக் கண்ணினுட் செலுத்திச் சில்லை எடுத்தார். பெர்லினில் ஹிர்ஷ்பேர்க் 1879இல் மின்காந்தத்தைப் பயன்படுத்தினார். சூரிச்சில் ஹாப் 1892இல் கண்ணின் வெளியே நின்றே ஈர்க்கும் பெருங்காந்தத்தை அறிமுகஞ் செய்தார். 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த பின், கண்ணுக்குப் புலனாகாத சில்லையும் படத்திற் காண இயன்றது.

காந்தத்தின் குறை வெளிப்படை. அது செம்பையோ கல்லையோ ஈர்க்காது; இரும்பையும் கண்மூடித்தனமாக இழுத்து, வழியிலுள்ள விழித்திரையைக் கிழித்துவிடக் கூடும். இக்குறையை நீக்கியது 1970களின் தொடக்கத்தில் மயாமியிலே றொபர்ட் மகெமர் உருவாக்கிய சத்திரசிகிச்சை. கண்ணின் வெண்பகுதியில் நுண்துளைகள் இட்டு, ஒன்றின் வழியே ஒளியும், ஒன்றின் வழியே உப்புநீரும், ஒன்றின் வழியே வெட்டி உறிஞ்சும் கருவியும் செலுத்தப்படுகின்றன. விழியை நிரப்பியுள்ள பாகு போன்ற கண்ணாடியுடனீர் அகற்றப்படுகிறது. பின்னர் சில்லைச் சூழ்ந்துள்ள இழைகள் விடுவிக்கப்பட்டு, அது நுண்ணிடுக்கியாலோ சிறு காந்தத்தாலோ வெளியே எடுக்கப்படுகிறது. கிழிந்த விழித்திரை லேசர்க் கதிரால் ஒட்டப்பட்டு, வாயுவோ சிலிக்கோன் எண்ணெயோ நிரப்பி நிலைநிறுத்தப்படுகிறது. முதலில் காயத்தைத் தைத்து மூடுதலும், உடனேயோ சில நாள் கழித்தோ சில்லை எடுத்தலும் வைத்தியரின் மதிப்பீட்டைப் பொறுத்தன. தொற்று ஏற்பட்டிருப்பின் தாமதத்துக்கு இடமில்லை. நுண்ணுயிர்க்கொல்லி விழியினுள்ளேயே செலுத்தப்படும்.

சில்லு உண்டென ஐயுற்றால் இன்று முதன்மையாக எடுக்கப்படுவது நுண்துண்டுகளாகப் படம்பிடிக்கும் சீ.டீ. ஸ்கான். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தல் ஆகாது. அதன் வலிய காந்தப்புலம் இரும்புச் சில்லை அசைத்து எஞ்சிய பார்வையையும் அழித்துவிடும்.

5. முதல் மணித்தியாலம்

இத்தகைய சத்திரசிகிச்சை எம்பிலிப்பிட்டியவில் நிகழ்வதன்று. கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலை போன்ற பெருநிலையங்களுக்கே உரியது. எம்பிலிப்பிட்டியவிலிருந்து கொழும்பு 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. ஆதலின் காயம் நேர்ந்த இடத்திலும் முதல் வைத்தியசாலையிலும் செய்யப்படுவனவும் செய்யாது விடப்படுவனவும் பார்வையின் தலைவிதியைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

செய்ய வேண்டியவை எளியவை. கண்ணை அழுத்தாமல் மூட வேண்டும். பஞ்சை வைத்து இறுகக் கட்டலாகாது; குவிந்த மூடியொன்றே வேண்டும். காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டி, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் தங்குமாறு வைத்து ஒட்டினாலே போதும். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் உணவைத் தவிர்த்தல் நன்று. ஏற்புவலித் தடுப்பூசியும் தேவை.

செய்யக் கூடாதவை இவை. கண்ணைக் கசக்கலாகாது. துளைத்த காயமென்று ஐயுற்றால் நீரூற்றிக் கழுவலாகாது, களிம்பு இடலாகாது. வெளியே துருத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கவே ஆகாது. அதுவே துளையை அடைத்துக்கொண்டிருக்கலாம். இரசாயனமோ சுண்ணாம்போ கண்ணிற் பட்டால் உடனே நீண்ட நேரம் நீரால் கழுவுவதே முறை. அவ்விதியை இக்காயத்துக்கு மாற்றிப் பொருத்துதல் தவறு.

6. மொழியும் நோயறிதலும்

கண்ணினுட் புகுந்த சில்லைத் தவறவிடாதிருக்க வைத்தியருக்குக் கற்பிக்கப்படும் முதல் விதி கருவி பற்றியதன்று, கேள்வி பற்றியது. ‘காயம் நேர்ந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்?’ என்பதே அக்கேள்வி. இரும்பில் இரும்பை அடித்துக்கொண்டிருந்தேன் என்பது விடையாயின், கண் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும், இல்லையென நிறுவப்படும்வரை சில்லு உள்ளே உண்டு எனக் கொண்டு படமெடுத்தல் வேண்டும்.

இவ்விடையைத் தருவதற்குத் தமிழ்த் தொழிலாளியிடம் நுட்பமான சொற்களஞ்சியம் இருக்கிறது. தூசி கண்ணில் ‘விழுகிறது’, உமி ‘படுகிறது’, சுள்ளி ‘அடிக்கிறது’, முள் ‘தைக்கிறது’, சம்மட்டியடியில் இரும்பு ‘தெறிக்கிறது’. இவ்வினைச்சொற்கள் வெறும் மாற்றுச் சொற்களல்ல. பொருளின் தன்மை, வேகம், அது சென்ற ஆழம் ஆகியவற்றை அவை பாகுபடுத்துகின்றன. ‘விழுந்தது’ என்பது மேற்பரப்புக் காயத்தையும், ‘தெறித்தது’ என்பது துளைத்த காயத்தையும் சுட்டுதல் கூடும். நோயறிதலின் பாதி அவ்வினைச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

ஆயின் அத்தொழிலாளி தனது மொழியில் வினவப்படாதபோது நிகழ்வது யாது? தான் அறிந்த சில சிங்களச் சொற்களைக் கொண்டு ‘கண்ணில் ஏதோ விழுந்தது’ என்பதைத்தான் அவனால் உணர்த்த முடிகிறது. துண்டிலே ‘அந்நியப் பொருள்’ என்று எழுதப்படுகிறது. துளிமருந்து வழங்கப்படுகிறது. வைத்தியரும் தாதியும் தம் கடமையில் தவறியவரல்லர், நோயாளியும் பொய்யுரைத்தவனல்லன். இருவருக்குமிடையே ஒரு வினைச்சொல் தொலைந்துபோயிற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அவ்வேற்பாடு வெளிநோயாளர் பிரிவின் மேசைவரை வந்து சேராதவிடத்து அதன் விலை ஒரு கண்ணாக இருக்கலாம்.

தமிழ் வைத்திய மொழியாக இயலாது என்போர் வரலாற்றை மறந்தவராவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மொழி மூலம் மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம் முதலான நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழுக்குக் கலைச்சொல் உண்டு. குறைபாடு மொழியிலன்று, அம்மொழியைப் பேசுவோருக்குச் சமூகத்தில் அளிக்கப்பட்ட இடத்திலேயே உள்ளது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் வைத்தியசாலையிலே உரத்துப் பேசத் தயங்குவதற்கு அவ்வரலாறும் ஒரு காரணம்.

7. பாதுகாப்பின் பொருளாதாரம்

இக்காயங்களிற் பெரும்பாலானவற்றை ஒரு பாதுகாப்புக் கண்ணாடி தடுக்கும். அது விலையுயர்ந்ததன்று. அவ்வாறாயின் அது ஏன் தொழிலாளியின் முகத்தில் இல்லை?

உற்பத்திச் சாதனங்களிற் செய்யப்படும் சிக்கனம், மூலதனத்தின் கையிலே, தொழிலாளியின் இடம், ஒளி, காற்று, ஆபத்திலிருந்து காப்பு ஆகியவற்றின் கொள்ளையாக மாறுகிறது என மார்க்ஸ் மூலதனத்தின் முதற்பாகத்திலே காட்டினார். இதனை நீதிமன்றத்திலேயே வெளிப்படுத்திய வழக்கொன்றுண்டு. பிரித்தானியாவில் ஸ்டெப்னி மாநகர அவையின் கராஜிலே பாரிஸ் என்பவர் தொழில்புரிந்தார். போரின்போது ஒரு கண்ணின் பார்வையை ஏற்கெனவே இழந்தவர் அவர். 1942இல் துருப்பிடித்த ஆணியைச் சுத்தியலால் அடிக்கையில் சில்லு தெறித்து மறுகண்ணையும் இழந்தார். அவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தரப்பட்டிருக்கவில்லை. அவ்வேலைக்கு அதனை வழங்கும் வழக்கமில்லை என்பதே வேலைகொள்வோரின் வாதம். பிரபுக்கள் சபை மூவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் பாரிஸின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு 1951ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றது. ‘வழக்கமில்லை’ என்பது விடையாகாது. இழப்பின் பாரதூரத்துக்கு ஏற்பக் கவனமும் கூட வேண்டும் என்பதே அதன் சாரம்.

இலங்கையிலே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் உள்ளன. ஆயின் பின்னையது தொழிற்சாலைக்கு உரியது. தேயிலை மலையும் வயலும் தொழிற்சாலையல்ல. நட்டஈட்டுச் சட்டமோ வேலைகொள்வோன் ஒருவன் இருப்பதை முன்கொள்கிறது. மாணிக்கக் குழியிலே பலர் கூலிக்கன்றிப் பங்குக்கே இறங்குகின்றனர். கிடைத்தால் பங்கு உண்டு. கண் போனால் அதனைப் பொறுப்பேற்க எவருமில்லை. பங்காளி என்ற சொல் இங்கே ஆபத்தைத் தொழிலாளிக்குப் பங்கிட்டுக் கொடுத்து, முதலீட்டாளனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் சொல்லாகிறது.

முடிவுரை

காந்தக்கல்லிலிருந்து நுண்ணிடுக்கி வரை வளர்ந்துள்ள வைத்திய விஞ்ஞானம் கண்ணினுள் தைத்த சில்லை இன்று பெரும்பாலும் எடுத்துவிட வல்லது. அதன் பயன் தொழிலாளியை அடைவதற்கு மூன்று ஏற்பாடுகள் அவசரமானவை என்பது எமது கருத்து. தோட்ட வைத்திய நிலையத்திலும் கிராமச் சுகாதார நிலையத்திலும் களிம்பும், கண் மூடியும், அவற்றை எப்போது பயன்படுத்துவது, எப்போது தவிர்ப்பது என்று அறிந்த ஊழியரும் இருத்தல் வேண்டும். வெளிநோயாளர் பிரிவிலே, காயம் நேர்ந்த வேளையில் செய்த வேலை பற்றிய அந்த ஒரு கேள்வியாவது தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வைக்கப்படல் வேண்டும். தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைகளிலே சம்பளத்துக்கு அடுத்ததாகப் பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்தல் வேண்டும். பங்குக்கு உழைப்பவரையும் நட்டஈட்டின் எல்லைக்குட் கொணரப் போராடல் வேண்டும்.

தமிழாய்வாளருக்கும் இங்கே பணியுண்டு. காயங்களையும் நோவையும் குறித்து மலையகத்து உழைப்பாளர் வழங்கும் சொற்களைத் தொகுத்து, சிங்களச் சொற்களோடு ஒப்பிட்டு, வைத்தியரும் தாதியரும் கையாளத்தக்க சிறு கைந்நூலாக்குதல் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அகராதி வேலை அங்கே நேரடியாகக் கண்ணைக் காக்கும் வேலையாகவும் அமையும்.